மொட்டை மாடியில் நின்றவர்

மதியம் ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் கண்ணில் பட்டது. லண்டனில் ஒரு கட்டடத்தின் உச்சியில் ஒருவர் பைனாகுலரால் வானத்தைப் பார்க்கிறார். பின்னால் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் குவிமாடம்.

ரொம்ப நேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1940இல் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களை பிரிட்டன் தடுத்ததற்கு ரேடார்தான் காரணம் என்று படித்திருக்கிறோம். சரிதான். ஆனால் கரையோரக் கோபுரங்களில் இருந்த அந்த ரேடார் கடல் பக்கம்தான் பார்க்கும். விமானம் கரையைத் தாண்டிவிட்டால் அப்புறம் மனிதக் கண்ணும் காதும்தான்.

வானத்தைக் கண்காணித்து எதிரி விமானங்களைப் பற்றித் தகவல் சொல்லும் அமைப்பான அப்சர்வர் கோரில் அப்படி ஏறத்தாழ 30,000 பேர். பெரும்பாலும் தன்னார்வலர்கள். என்ன விமானம், எத்தனை, எவ்வளவு உயரம், எந்தத் திசை, எல்லாம் உடனே தொலைபேசியில் போகும். மேகம் மூடினால் இன்ஜின் சத்தத்தை வைத்துச் சொல்வார்கள்.

கட்டுப்பாட்டு அறையில் பெண்கள் நீண்ட கோல்களால் வரைபட மேஜைமேல் காய்களை நகர்த்துவார்கள். பிரிட்டனின் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் எங்கே பறக்க வேண்டும் என்பது அதைப் பார்த்துத்தான் முடிவாகும்.

இந்தத் தற்காப்பு ஏற்பாட்டைக் கட்டியெழுப்பிய, பிரிட்டன் போர் விமானப் பிரிவின் தலைவர் ஹியூ டவ்டிங்கை அதே ஆண்டு நவம்பரில் பதவியிலிருந்து மாற்றிவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்சர்வர் கோருக்கு மட்டும் 1941 ஏப்ரலில் 'ராயல்' பட்டம் கிடைத்தது. முழுக்க முழுக்கத் தகுதியானவர்கள்.