டக் டக் ஒன்று, லொடக் இன்னொன்று

அப்பா ஓட்டிய மாருதி 800 இப்போது என்னிடம். 2004 மாடல். 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பித்து, அதற்கப்புறம் 5 வருடம் கழித்து இன்னொரு தடவையும் புதுப்பித்தாயிற்று. வித்துத் தொலை என்று சொல்லாத ஆள் வீட்டில் இல்லை.

பிரச்சினை சத்தத்தில்தான் ஆரம்பித்தது. தெருமுனையில் யூ டர்ன் எடுத்தால் டக் டக் டக் என்று வீல் பக்கமிருந்து வரும், ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் லொடக் என்று ஒன்று, பிரேக் அழுத்தினாலும் சில சமயம் அதே லொடக். எல்லாம் ஒரே கோளாறு என்று நானாகவே முடிவு கட்டி ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன். ஷாக் அப்சார்பர் போச்சு சார் என்றார்கள், முன்பக்கம் இரண்டையும் மாற்றினார்கள், காசையும் வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே லொடக்.

அப்புறம்தான் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஜாக்கியைத் தொடவே இல்லை. "தம்பி, கிரவுண்டுக்கு வுடுங்க, ஸ்டியரிங்க ஃபுல்லா ஒடிச்சு மெதுவா வட்டம் போடுங்க" என்றார். நான் வட்டம் போட, அவர் குனிந்து காதை வீல் பக்கம் கொடுத்தபடி கூடவே நடந்தார். இடது பக்கம் ஒடித்தால் வலது வீலில் டக் டக், கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்னும் வேகமாக. "இது ரெண்டு சத்தம் தம்பி. ஒண்ணொண்ணா பாப்போம்."

முதல் சத்தம் வெளிப்பக்க சிவி ஜாயின்ட், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வீலைச் சுற்றும் ஷாஃப்டின் வீல் பக்க மூட்டு. வீலைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது, ரிம்மின் உள்பக்கம் வட்டமாகக் கறுப்பு கிரீஸ் தெறித்துக் காய்ந்திருந்தது. மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, பூட் என்பார்கள், மடிப்பில் கிழிந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே மிச்சமிருந்த கிரீஸை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்று மணல், வெயிலில் காட்டினால் இரும்புத் தூள் மினுக்குகிறது. ஜாயின்ட்டைப் பிரித்துத் துடைத்தால், ஆறு பால் (இரும்புக் குண்டு) உருள வேண்டிய பள்ளங்களில் நகம் மாட்டும் அளவுக்குக் குழி.

முன்வீல் டிரைவ் வண்டியில் இந்த ஜாயின்ட்டுக்குத்தான் படாத பாடு. வீல் திரும்பவும் வேண்டும், மேலும் கீழும் ஆடவும் வேண்டும், அதே நேரத்தில் இன்ஜின் வேகத்தையும் சீராக வாங்க வேண்டும். லாரி ஷாஃப்டில் இருக்கிற மாதிரி கிராஸ் ஜாயின்ட் ஒன்றைப் போட்டுக் கோணத்தில் திருப்பினால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறைந்து ஸ்டியரிங் உதறும். ஆறு பால் ஜாயின்ட்டில் அந்த வம்பு இல்லை. 1959-ல் வந்த மினி காரிலேயே இந்த வகைதான். ஆனால் உள்ளே வைத்த கிரீஸ் வைத்ததுதான், அதைக் காப்பது அந்த ரப்பர் பூட் மட்டும். அது கிழிந்த அன்றே கவனித்திருந்தால் பூட்டோடு போயிருக்கும்.

வேலையில் என் பங்கு ஒரு சொதப்பல். வீலின் நடுவில் இருக்கும் பெரிய நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும். நான் ஆர்வக்கோளாறில் முதலிலேயே ஜாக்கி ஏற்றிவிட்டேன், ஸ்பேனரைத் திருப்பினால் வீலும் சேர்ந்து சுற்றுகிறது. இறக்கி, பைப் மாட்டி, ஏறி நின்று மிதித்தபிறகுதான் அசைந்தது. கியர் ஆயிலை வடித்துவிட்டு ஷாஃப்டை உருவினோம். உருவும்போதும் திரும்பச் செருகும்போதும் கியர்பாக்ஸ் ஆயில் சீல் உதட்டில் படாமல் பார்க்க வேண்டும், பட்டால் அடுத்த வாரம் ஒழுகும்.

சாமானுக்கு சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "சாம்பிள் கொண்டாந்தீங்களா?" நல்லவேளை, பழைய ஜாயின்ட் பையில் இருந்தது. பல் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தார்.

லொடக் விஷயம் இதைவிட ருசி. 800-ல் இரண்டு முன்வீல் பக்கத்தையும் இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் முனை, வீலைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்குள் நேராகப் புகுந்து நிற்கிறது, ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வதே அந்த பார்தான். அந்த இடத்து ரப்பர் புஷ் உளுத்துப் போனதால் பிரேக் அடிக்கும்போது வீலே கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. வீலை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியதில் ஆர்ம் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட்டும் ஆடியது. ஆர்மோடு மாற்றிவிட்டோம்.

இங்கே அண்ணன் சொன்ன ஒரு விஷயத்தை எந்த வொர்க்‌ஷாப்பிலும் நான் கேட்டதில்லை. வீல் தொங்கும்போது புஷ் போல்ட்டை முழுக்க முறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். கையால் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு தடவை அமுக்கிவிட்டு அப்புறம்தான் கடைசி முறுக்கு.

கியர் ஆயில் ஊற்றி, அலைன்மென்ட் பார்த்து, அதே கிரவுண்டில் வட்டம் போட்டேன். சத்தம் இல்லை. அண்ணன் மட்டும் இடது வீலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்து பூட்டின் மடிப்பில் மயிரிழை மாதிரி இரண்டு வெடிப்பு, இன்னும் கிரீஸ் வெளியே வரவில்லை. புது பூட் வாங்கி டிக்கியில் போட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.