கிராஸ் கேபிள்

அப்பாவின் பழைய லேப்டாப் பீரோவுக்கு அடியில், மஞ்சள் பைக்குள் கிடந்தது. 2005-இல் வாங்கியது. 256 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. பேட்டரி செத்துப் பல வருஷம். சார்ஜரைச் செருகினதும் ஒரு இருமல் இருமிவிட்டு ஓடத் தொடங்கியதை என்னால் நம்பவே முடியவில்லை. தேதி மட்டும் 2002 என்று காட்டியது. அப்போது அது பிறக்கவே இல்லை.

உள்ளே 14 ஜிபி அளவுக்குப் போட்டோக்களும் அப்பாவின் கோப்புகளும். எப்படி வெளியே எடுப்பது? டிவிடி டிரைவ் திறக்காது. யுஎஸ்பி துளைகள் இரண்டும் ஆடிப்போய், பென் டிரைவைக் கையால் அழுத்திப் பிடித்தால்தான் தெரியும். வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை அது ஏற்கவில்லை. அந்தக் காலத்துக் கார்டுக்கு இந்தக் காலத்துப் பூட்டு புரியாது. மிச்சமிருந்தது பக்கவாட்டில் இருந்த, நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் துளை.

எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். 2003-இல் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவன் நான். கேபிள் அடிப்பதில் அன்றைக்கு என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைக்கக் கிராஸ் கேபிள் வேண்டும். ஒவ்வொன்றும் 1, 2-ஆம் கம்பிகளில் பேசும். 3, 6-இல் கேட்கும். சாதா கேபிளைப் போட்டால் இருவரும் எதிராளியின் வாயோடு வாய் வைத்துப் பேசின கதைதான். அதனால் ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாற வேண்டும்.

கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலைப் பரணில் இருந்து இறக்கித் துரு துடைத்தேன். உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளின் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். விரல் மறக்கவில்லை. கண்தான் மறந்துவிட்டது. கண்ணாடி போட்டும் நீலத்துக்குப் பக்கத்தில் எது வெள்ளை நீலம், எது வெள்ளைப் பச்சை என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று கனெக்டர் வீண்.

நான் நான்காவதை நறுக்கிக்கொண்டிருந்தபோது தம்பி மகன் வந்தான். மோடத்துக்குப் பின்னால் கிடந்த சாதா கேபிளை எடுத்து ஒரு முனையை டெஸ்க்டாப்பிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருகினான். இரண்டு பக்கமும் பச்சை விளக்கு. "இதுக்குப் போயி எதுக்குப் பெரியப்பா இவ்ளோ குப்பை?"

டெஸ்க்டாப்பில் இருப்பது ஜிகாபிட் போர்ட், அதாவது வேகமான புதுக் காலத்து லேன் துளை. எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்து அதுவே உள்ளுக்குள் கம்பியை மாற்றிக்கொள்ளும். ஒரு பக்கம் அப்படி இருந்தாலே போதும். இது எனக்கும் தெரியும். டூலைக் கையில் எடுத்த சந்தோஷத்தில் மறந்துபோச்சு, அவ்வளவுதான்.

விளக்கு எரிந்தால் வேலை முடிந்ததா? நடுவில் மோடம் இல்லாததால் ஐபி என்கிற நெட்வொர்க் முகவரியைக் கொடுக்க ஆள் இல்லை, இரண்டும் 169.254 என்று தாமாக ஒன்றை வைத்துக்கொண்டன. அதை வைத்தே ஓட்டலாம், ஆனால் எனக்குப் பிடிக்காது. டெஸ்க்டாப்புக்கு 192.168.5.1, லேப்டாப்புக்கு 192.168.5.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. எக்ஸ்பி ஃபயர்வாலில் ஃபைல் ஷேரிங்குக்கு வழி விட்டேன். எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று கேட்கும் பிங் போட்டால் பதில் வருகிறது. ஆனால் ஷேர் செய்த ஃபோல்டர் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது.

இங்கேதான் ஒன்றரை மணி நேரம் போனது. ஃபோல்டரைப் பகிர எக்ஸ்பிக்குத் தெரிந்த ஒரே பாஷை எஸ்எம்பி 1 என்கிற பழைய முறை. 2017-இல் வான்னாக்ரை வைரஸ் புகுந்தது அந்த வாசல் வழியாகத்தான். அந்த வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, பயன்படுத்தாமல் கிடந்தால் அது தானே கழன்றுவிடும். என் டெஸ்க்டாப்பிலும் அது கழன்றிருந்தது. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலுக்குப் போய் எஸ்எம்பி 1 கிளையன்ட்டுக்கு மட்டும் டிக் போட்டு, ரீஸ்டார்ட் செய்தேன். அதற்கு முன்னால் டெஸ்க்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டேன். காப்பி முடிந்ததும் டிக்கையும் எடுத்தாயிற்று. நீங்கள் செய்தாலும் எடுத்துவிடுங்கள்.

லேப்டாப் கார்டு 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் நொடிக்குப் பத்து மெகாபைட் சுமாராக வந்தது. சின்னச் சின்னப் படங்கள் வரும்போது மூச்சு வாங்கும். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் இந்தப் பக்கம்.

அப்பாவின் கோப்பு ஒன்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே கிறுக்கல். தம்பி மகன் வைரஸ் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு. லேப்டாப்பின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து அதையும் கேபிள் வழியே இழுத்து டெஸ்க்டாப்பில் போட்டேன். கிறுக்கல் தமிழாயிற்று: அத்தைக்கு அப்பா அடித்த கடிதம், மாடிக்கு ஓடு போட்ட செலவுக் கணக்கோடு.

"பெரியப்பா, தாத்தா ஏன் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கு அப்புறமும் ரெண்டு தடவை ஸ்பேஸ் தட்டியிருக்கார்?"

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர் அவர். அங்கே அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.