ஆறாம் எண் பேருந்து

அக்டோபர் 12, இரவு

ஜெர்மனியின் வைமர் வந்து சேர்ந்தேன். சின்ன ஊர்தான், நடந்தே சுற்றிவிடலாம். தேசிய நாடக அரங்கின் முன்னால் ஜெர்மன் கவிஞர்கள் கதேயும் ஷில்லரும் சிலையாக நிற்கிறார்கள். 1919இல் ஜெர்மனியின் முதல் குடியரசுக்கான அரசியலமைப்பை இங்கே கூடித்தான் எழுதினார்கள், பௌஹவுஸ் கலைப்பள்ளியும் அதே வருடம் இதே ஊரில் பிறந்ததுதான். எல்லாம் அழகு. ஆனால் நாளை எங்கே போகிறேன் என்பது மனதை விட்டு அகலவே இல்லை.

அக்டோபர் 13

ஊருக்குள்ளிருந்தே ஆறாம் எண் பேருந்து போகிறது. எட்டர்ஸ்பெர்க் குன்று, சுமார் 8 கிலோமீட்டர், கடைசிப் பகுதிச் சாலை கைதிகளை வைத்துப் போட்டது. நாஜிகளின் பூகன்வால்ட் வதைமுகாம். 1937 முதல் 1945 வரை ஏறக்குறைய 2,80,000 பேரை இங்கே அடைத்திருக்கிறார்கள், அதில் 56,000 பேர் உயிரோடு திரும்பவில்லை.

வாசல் இரும்புக் கதவில் 'அவரவர்க்கு உரியது அவரவர்க்கு' என்று ஜெர்மனில் எழுதியிருக்கிறது, உள்ளே நிற்கும் கைதி படிக்கிற மாதிரி உள்பக்கம் பார்த்து. அந்த எழுத்துகளை வடிவமைத்த ஃப்ரான்ஸ் எர்லிக்கும் கைதிதான், பௌஹவுஸில் படித்தவர். நாஜிகள் வெறுத்த அந்தப் பாணியிலேயே எழுத்துகளை அமைத்திருக்கிறார். நேற்று ஊரில் பார்த்த பௌஹவுஸ் இந்தக் கதவிலும் இருந்தது, அங்கேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

காட்டை அழித்தபோது ஒரே ஒரு ஓக் மரத்தை விட்டு வைத்தார்களாம், கைதிகள் அதற்குக் 'கதே மரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1944 குண்டுவீச்சில் எரிந்துபோனது, அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் காவலர் குடும்பங்களுக்காகக் கட்டிய கரடிக்கூண்டு, எரியூட்டும் கூடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. என்னால் இதைத்தான் தாங்க முடியவில்லை.

அணிவகுப்புத் திடலில் காற்று ஊசியாகக் குத்தியது. தரையில் ஓர் உலோக நினைவுப் பலகை, எப்போதும் 37 டிகிரி, மனித உடம்பின் சூட்டில் வைத்திருக்கிறார்கள். முன்பே படித்திருந்தேன், இருந்தும் உள்ளங்கையை வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

அக்டோபர் 14

முகாம் விடுதலையான ஐந்தாம் நாள், 1945 ஏப்ரல் 16, அமெரிக்க ராணுவம் வைமர்வாசிகள் சுமார் ஆயிரம் பேரை முகாமுக்கு நடத்திக் கூட்டிப்போய்க் காட்டியது. எங்களுக்குத் தெரியாது என்றார்கள் பலர். எப்படித் தெரியாமல் இருக்கும்? 1940 வரை முகாமில் இறந்தவர்களை இந்த ஊர்த் தகனக்கூடத்தில்தானே எரித்தார்கள்? காலையில் கதேயின் வீட்டுக்குப் போனேன், அறை அறையாகப் பார்த்தேன், ஒன்றும் மனதில் ஏறவில்லை. அப்புறம் ஸ்டேஷனுக்கு நடந்தேன், ஆறாம் எண் பேருந்து என்னைத் தாண்டி மேலே போனது, உள்ளே பள்ளிப் பிள்ளைகள்.