நண்டின்மேல் கோபம்

ஜான் கிளாசென் எழுதி வரைந்து 2012இல் வெளியான 'திஸ் இஸ் நாட் மை ஹேட்' படப் புத்தகத்தை நேற்று இரவு பதினோராவது முறையாக மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஐந்து வயது, இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனாலும் கதையில் எனக்கு ஒரு பக்கம் முன்னால் போய்க்கொண்டிருப்பவள் அவள்தான்.

தூங்கும் பெரிய மீனின் தொப்பியைத் திருடிக்கொண்டு குட்டி மீன் ஒன்று தப்பியோடுகிறது. கதை சொல்வதே அந்தத் திருடன்தான். பெரிய மீன் இப்போதைக்கு விழிக்காது என்று அது பீற்றிக்கொள்ளும் வரியை நான் முடிப்பதற்குள் போர்வையை உதறிக்கொண்டு மகள் எழுந்துவிடுகிறாள். "கண்ணைப் பாருங்கள் அப்பா!"

கண் அகலத் திறந்திருக்கிறது. தொப்பி போனதைக் கவனிக்காது என்று குட்டி சொல்லும்போது அந்தக் கண் மேலே பார்க்கிறது. எழுத்து சொல்வதையெல்லாம் படம் பொய்யாக்கிக்கொண்டே போகிறது. ஓவியத்துக்காக 2013இல் கால்டெகாட், 2014இல் கேட் கிரீன்அவே என இரண்டு பதக்கங்கள் பெற்ற புத்தகம் இது. இரண்டையும் அந்த ஒற்றைக் கண்ணுக்கே கொடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

எனக்குப் பிடித்தது திருடன் பேசும் நியாயம். திருடுவது தவறென்று அதற்குத் தெரியும். ஆனால் பெரிய மீனுக்கு அந்தத் தொப்பி ரொம்பச் சின்னதாம், தனக்கோ கச்சிதமாம். இரண்டாம் வகுப்பில் பக்கத்துப் பையனின் பச்சை ரப்பரை எடுத்துக்கொண்டபோது நானும் இப்படித்தான் வாதாடினேன், மனதுக்குள். பிழையே விடாதவனுக்கு ரப்பர் எதற்கு? மூன்று நாள் வைத்திருந்தேன். பயத்தில் ஓர் எழுத்தைக்கூட அதனால் அழிக்கவில்லை.

வழியில் பார்த்துவிட்ட நண்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறது. பெரிய மீன் வந்ததும் கொடுக்கை நீட்டி வழி காட்டிவிடுகிறது. மகளின் கோபமெல்லாம் அதன்மேல்தான். திருடனைப் பற்றி அவளுக்கு ஒரு புகாரும் இல்லை.

பிறகு நீர்ச்செடிகள் அடர்ந்த இரண்டு பக்கங்கள். ஒரு சொல்கூடக் கிடையாது. அடுத்து, தலையில் தொப்பியோடு பெரிய மீன் மட்டும் வெளியே வருகிறது. குட்டி என்ன ஆனது என்று புத்தகம் சொல்வதில்லை. முதல் முறை வாசித்தபோது நான் விளக்க வாயெடுத்தேன். அவள் கையால் என் வாயைப் பொத்திவிட்டாள்.

நேற்றும் செடிகளுக்கு இடையே விரல்விட்டு வெகுநேரம் தேடினாள். பிறகு பக்கத்தைப் புரட்டி, பெரிய மீனின் வயிற்றை மெதுவாகத் தட்டிப் பார்த்தாள்.