முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஈரோட்டு வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது அம்மா போனில் யாரிடமோ நிதானமாகத் தன் பிறந்த தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஓடிப்போய் வாங்கினேன். "பேங்க்ல இருந்து பேசறோம் சார், அம்மாவோட டெபாசிட் விஷயமா" என்று ஒரு பெண் குரல். எண்ணைப் பார்த்தால் சாதாரணப் பத்து இலக்க மொபைல் நம்பர்.

"நீங்க பேங்க்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு அவருக்குப் பயிற்சி கொடுக்கவில்லை போல. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அம்மாவின் பெயர், டெபாசிட் தொகை, அது முந்தின நாள் முதிர்வடைந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, "இதெல்லாம் பேங்க்குக்குத்தானே சார் தெரியும்" என்றார். தொகை ரூபாய் சுத்தமாகச் சரி. எனக்கு வயிற்றைக் கலக்கியதே அதனால்தான். அடுத்த வாக்கியத்திலேயே, டெபாசிட்டை விட லாபமான ஒரு இன்ஷூரன்ஸ் பிளான் இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டார். வைத்துவிட்டேன்.

"ஏம்மா சொன்னீங்க?" என்று கேட்டால், "பேங்க்காரங்கதான கண்ணு கேட்டாங்க" என்கிறார். அவரை என்ன சொல்வது? யார் கேட்டாலும் எதையும் சொல்லாதீர்கள் என்று வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிற அதே வங்கி, நிஜமாகவே கூப்பிடும்போது முதல் வேலையாகப் பிறந்த தேதியைக் கேட்கிறது. திருடனும் அதையேதான் கேட்பான். எழுபதை நெருங்குகிற ஒருவர் இரண்டு பேரையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

பிறந்த தேதிதானே, போனால் போகிறது என்று விடவும் முடியாது. மாதாமாதம் மின்னஞ்சலில் வருகிற ஸ்டேட்மென்ட்டின் பாஸ்வேர்டே பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த நாளும் மாதமும்தான். அந்த மின்னஞ்சலிலேயே இதை விளக்கி எழுதியிருப்பார்கள். பூட்டைத் தொங்கவிட்டு, சாவி மாடத்தில் இருக்கிறது என்று கதவிலேயே எழுதி ஒட்டின மாதிரி.

மறுநாள் கிளைக்குப் போனேன். மேலாளர் மறுக்கவே இல்லை. "ஆமா சார், அது நம்ம டை-அப் டீம்தான். கணக்கு ஆரம்பிக்கும்போது அம்மா சம்மதம் கொடுத்திருக்காங்களே." எங்கே என்று கேட்டதற்கு படிவத்தைக் காட்டினார். கையெழுத்துக்கு மேலே, பொடி எழுத்தில், பல வரிகளுக்கு நடுவே, விற்பனைக்கு விவரத்தைக் கொடுக்கச் சம்மதம் என்று ஒரு வரி. வங்கிகள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்ணையும் விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசையையும் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லிவிட்டதே, இது மொபைல் நம்பராக இருந்ததே என்றேன். "அது வெண்டர் சார்" என்றார். வெளி ஒப்பந்தக்காரர் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வெண்டர் என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய மூட்டையையும் அடைத்துவிடலாம்.

சரி, பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடலாம் என்று அன்று ராத்திரி அம்மாவின் போனில் வங்கி ஆப்பைத் திறந்தேன். பழசு செல்லாதாம், புதுசாக இறக்க வேண்டுமாம். இறக்கினால், பதிவு செய்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்றது. போகவில்லை. மூன்று தடவை முயன்று, போனை அணைத்துப் போட்டு, மொட்டை மாடி வரைக்கும் ஏறிப் பார்த்த பிறகுதான் உறைத்தது: அம்மா ரீசார்ஜ் செய்யவே இல்லை, உள்ளே வருகிற அழைப்பு மட்டும் வந்துகொண்டிருந்திருக்கிறது. ரீசார்ஜ் செய்தேன். அடுத்து லொகேஷன் வேண்டும், தொடர்பு எண்கள் வேண்டும், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வேண்டும். அம்மாவின் போனில் இருக்கிற பால்காரர் நம்பர் இவர்களுக்கு எதற்கு? மறுத்தால் ஆப் மூடிக்கொள்கிறது.

பாஸ்வேர்டு காலாவதியாம். புதுசு போடும் இடத்தில் நகலெடுத்து ஒட்ட முடியாது, விரலால்தான் தட்ட வேண்டும். முந்தைய ஐந்தில் எதுவும் வரக்கூடாது. விளைவு என்ன தெரியுமா, அம்மா தினசரிக் காலண்டரின் பின் அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். காரணமில்லாமல் அடிக்கடி பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள், ஒட்டுவதைத் தடுக்காதீர்கள் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே எழுதிவிட்டது. அதைப் படித்த யாரும் நம் வங்கிகளில் வேலை பார்க்கவில்லையோ என்னவோ.

இதற்காக, பணம் போகும் முன் போனுக்கு வருகிற ஒருமுறை எண்ணான ஓடிபியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கார்டு நம்பர் மட்டும் தெரிந்தால் எவனும் வாங்கிவிடலாம் என்ற நிலையை இங்கே 2009லிருந்து இரண்டாவது பூட்டு ஒன்றுதான் தடுத்து வருகிறது; இப்போது பெரும்பாலும் அது ஓடிபிதான். ஆனால் அதே ஓடிபி நாளைக்கு நமக்கு எதிரான சாட்சியாகவும் நிற்கும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியுடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை என்றால் மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் கிடையாது. நம் கவனக்குறைவு என்றால், புகார் கொடுக்கும் வரை போனதெல்லாம் நம் தலையில்தான். நம் தவறு என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு என்றும் அதிலேயே இருக்கிறது, ஆனால் "ஓடிபி போட்டிருக்கீங்களே" என்கிற ஒரு வரியை வைத்துக்கொண்டு எத்தனை பேரை கவுண்டரிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். பிறந்த தேதியைப் போனில் சொல்லப் பழக்கியது யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஊர் திரும்புவதற்கு முன் அம்மாவை உட்கார வைத்து ஒரு கடிதம் எழுதினோம். இன்ஷூரன்ஸ் உட்பட எந்த விற்பனைக்கும் என் விவரத்தைக் கொடுக்கச் சம்மதம் இல்லை, இதுவரை யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். நகலில் சீல் வாங்கிவிட்டோம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. இதற்கிடையில் அதே பெண் மறுபடி கூப்பிட்டாராம். "நீ யாரு கண்ணு, முதல்ல அதச் சொல்லு" என்று அம்மா கேட்டதும் வைத்துவிட்டாராம்.