காப்பர் சல்பேட்டின் காந்த ஏற்புத்திறனைக் கணக்கிட்ட அனுபவம்

காந்த ஏற்புத்திறனுக்குப் புத்தகம் தரும் வரையறை ஒரே வரிதான்: பொருள் பெறும் காந்தமாகும் செறிவை, காந்தமாக்கு புலத்தால் வகுக்க வேண்டும். ஆனால் அந்தச் செறிவை நேரடியாகக் காட்டும் கருவி எதுவும் என் மேசையில் இல்லை. இருந்தவை ஒரு மின்காந்தம், ஒரு நுண்தராசு, ஒரு கண்ணாடிக் குழாய். இதற்குக் கூய் முறை என்று பெயர்.

ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகக் காப்பர் சல்பேட்டைப் பொடியாக்கிக் குழாயில் நிரப்பி, தராசிலிருந்து தொங்கவிட்டேன். குழாயின் கீழ்முனை காந்த முனைகளுக்கு நடுவிலும், பொடியின் மேல்மட்டம் புலத்துக்கு வெளியிலும் இருக்க வேண்டும். மின்சாரத்தைப் போட்டதும் எடை 36 மில்லிகிராம் கூடியது. பாரா காந்தப் பொருளைப் புலம் உள்ளே இழுக்கிறது. தராசு அதைக் கூடுதல் எடையாகக் காட்டுகிறது.

வெறும் குழாயைத் தனியாகத் தொங்கவிட்டுப் பார்த்தபோது எடை 2 மில்லிகிராம் குறைந்தது. கண்ணாடி டயா காந்தம், புலம் அதை வெளியே தள்ளுகிறது. ஆக, பொடியின் உண்மையான பங்கு 38 மில்லிகிராம்.

இங்கே பொறுமையைச் சோதிப்பது பொடியை நிரப்பும் வேலைதான். கொஞ்சம் போட்டு, குழாயின் அடியை மரப்பலகையில் மெதுவாகத் தட்டி, மறுபடி கொஞ்சம் போட வேண்டும். இடையில் காற்று தங்கினால் அடர்த்தி ஒரே சீராக இருக்காது, அளவும் ஆட்டம் காணும். காலி செய்து மறுபடி நிரப்பி, அளவு ஒத்து வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

சரி, 38 மில்லிகிராமிலிருந்து ஏற்புத்திறனுக்கு எப்படிப் போவது? புலத்தின் வலிமை, குழாயின் குறுக்குப்பரப்பு எல்லாவற்றையும் துல்லியமாக அளப்பது பெரிய தலைவலி. அதற்குப் பதிலாக, மதிப்பு ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளை அதே குழாயில் அதே உயரத்துக்கு நிரப்பி ஒப்பிடலாம். மெர்க்குரி டெட்ராதயோசயனேட்டோகோபால்டேட் இதற்குப் பெயர் பெற்றது: 20 டிகிரி செல்சியஸில் ஒரு கிராமுக்கு 16.44 × 10⁻⁶, சி.ஜி.எஸ். (சென்டிமீட்டர்-கிராம்-நொடி) அலகில். பாதரசச் சேர்மம் என்பதால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

ஒப்பிட்டதில் காப்பர் சல்பேட்டுக்குக் கிடைத்தது கிராமுக்கு 5.85 × 10⁻⁶. இதை மூலக்கூறு நிறையான 249.7-ஆல் பெருக்கினால் மோலுக்கு சுமார் 1460 × 10⁻⁶. அயனிகளும் ஐந்து நீர் மூலக்கூறுகளும் தரும் டயா காந்தப் பங்கு, பாஸ்கல் மாறிலிகளின்படி (ஒவ்வோர் அணுவுக்கும் அயனிக்கும் அட்டவணையிட்ட டயா காந்த மதிப்புகள்), ஏறத்தாழ −116 × 10⁻⁶. அதை நீக்கினால், அதாவது 116-ஐக் கூட்டினால், 1576 × 10⁻⁶.

இனி அலகு விவகாரம். என்னைக் கேட்டால், இந்தக் கணக்கில் உண்மையான சிக்கல் இதுதான். ஏற்புத்திறன் என்று ஓர் அட்டவணையில் போட்டிருந்தால், அது பருமனுக்கா, கிராமுக்கா, மோலுக்கா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் சி.ஜி.எஸ்.ஸா, பன்னாட்டு அலகு முறையான எஸ்.ஐ.யா என்று பார்க்க வேண்டும். பருமன் ஏற்புத்திறனுக்கு இரண்டு முறையிலும் அலகு கிடையாது, ஆனாலும் மதிப்பு 4π மடங்கு மாறும். தண்ணீரையே பாருங்கள்: ஓர் அட்டவணையில் −0.72 × 10⁻⁶, இன்னொன்றில் −9.05 × 10⁻⁶. இரண்டும் சரிதான்! அலகு இல்லாத எண் அலகு முறைக்கு ஏற்ப மாறுவதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைசிப் படி, காந்தத் திருப்புத்திறன், அதாவது ஒவ்வொரு காப்பர் அயனியும் எவ்வளவு வலிய சிறு காந்தம் என்பதன் அளவு. மோல் ஏற்புத்திறனைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 2.828-ஆல் பெருக்க வேண்டும். இந்த 2.828 சி.ஜி.எஸ்.ஸுக்கு மட்டும்தான், எஸ்.ஐ.யில் அது 797.8 ஆகிவிடும். 293 கெல்வினில் எனக்கு வந்த விடை 1.92 போர் மேக்னட்டான் (அணு அளவிலான காந்தத் திருப்புத்திறனின் அலகு). டயா காந்தத் திருத்தம் செய்யாமல் விட்டிருந்தால் 1.85 என்று வந்திருக்கும்.

காப்பர் அயனியில் இணைசேராத எலக்ட்ரான் ஒன்றே ஒன்று. அதன் தற்சுழற்சியை மட்டும் எடுத்தால் 1.73 வர வேண்டும். மிச்சம் இருப்பதற்குக் காரணம் சுற்றுப்பாதை இயக்கத்தின் சிறு பங்களிப்பு. அதனால் 1.73-க்குச் சற்று மேலே வந்திருந்த விடையை அப்படியே எழுதி வைத்தேன்.