டரட் பறந்த வீடியோவும் மச்சானின் படகும்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி பையன் போனை நீட்டினான். உக்ரைன் சண்டை. ஒரு ரஷ்ய டி-72 டாங்கியின் டரட், அதாவது பீரங்கி வைத்த சுழலும் மேல்பாகம், மட்டும் தனியாகக் கழன்று பனைமர உயரத்துக்குப் பறக்கிறது.

"இதைப் பாத்தப்புறமும் கோடி கோடியா கொட்டி புது டாங்கி எதுக்கு மாமா? ட்ரோன் வாங்கினா போதாதா?"

சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் 30 வருஷம் ஃபிட்டர் நான். அந்த டரட்டை எத்தனை தடவை உட்கார வைத்திருப்பேன்! கிரேன் தூக்கி வந்து ஹல்லின், அதாவது டாங்கியின் உடம்பின், வட்டத்துக்கு நேராக நிறுத்தும். நாலு பேர் நாலு பக்கம் குனிந்து பார்ப்போம். கடைசி ரெண்டு விரல்கடை இறங்கும்போது ஷாப்பில் ஒருத்தரும் பேச மாட்டோம். கையை விட்டால் கை போச்சு.

"அது ஏன் பறக்குது தெரியுமாடா?" என்றேன். டி-72-ல் பீரங்கிக்குள் குண்டு போட ஆள் கிடையாது, மெஷின்தான். உள்ளே மூணே பேர். குண்டும் வெடிமருந்தும் அவர்கள் காலடியில் வட்டமாக அடுக்கியிருக்கும். ஒரு ஆள் குறைந்ததால் டாங்கி சின்னதாகி 41 டன்னில் அடங்கியது. ஆனால் அடி உள்ளே இறங்கினால் அத்தனையும் சேர்ந்து வெடிக்கும். அந்த அமைப்பில் உள்ள கோளாறு அது. அதை வைத்து டாங்கியே வேண்டாம் என்றால் எப்படி? ட்ரோன் பார்க்கும், அடிக்கும். பிடித்த மேட்டில் ராத்திரி முழுக்க காவல் நிற்காது. 2020-ல் லடாக்கில் அத்தனை உயரத்துக்கு டி-90, டி-72 எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்களே, சும்மாவா?

புதுசு வேணும்தான். என் பயம் வேற.

முதுநகரில் மச்சான் விசைப்படகு கட்டுகிறார். ஏரா, அதாவது படகின் அடிக்கட்டை, வைத்த பிறகு நாலடி நீளம் கூட்டச் சொன்னார். அப்புறம் ஐஸ் பெட்டி பெரிசாக வேணும் என்றார். இப்போது பேசிவைத்த எஞ்சின் இழுக்காதாம். மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

நம்ம நாட்டிலேயே வடிவமைத்த அர்ஜுன் டாங்கியின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1974-ல் அனுமதி கிடைத்தது. முதலில் கேட்டது 40 டன் வாக்கில், 105 மி.மீ. பீரங்கியோடு. பிறகு 120 மி.மீ. வேணும், கவசம் கனமாக வேணும் என்று கூட்டிக்கொண்டே போனார்கள். ராணுவத்திடம் முதல் அஞ்சு வண்டி போய்ச் சேர்ந்தது 2004-ல். வண்டி சோடை இல்லை. 2010-ல் ராஜஸ்தான் மணலில் டி-90-ஓடு ஓட்டிப் பார்த்தபோது சளைக்கவில்லை. ஆனால் இப்போதைய மார்க்-1ஏ 68 டன். பாலம் தாங்கணும், ரயில் தாங்கணும். இதய ஸ்தானத்தில் இருப்பதோ ஜெர்மன் எஞ்சின்.

இப்போது டி-72-களுக்குப் பதிலாக 1,770 புது வண்டிகள் என்கிறார்கள். செய்யட்டும். ஆனால் எஞ்சின் முதலில். மைசூரில் 2024 மார்ச்சில் நாமே செய்த 1,500 குதிரைத்திறன் டாங்கி எஞ்சினை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தார்கள் என்று படித்ததும், பென்ஷன் வந்த அன்றைக்குக்கூட வராத சந்தோஷம் எனக்கு. அது பழுதில்லாமல் ஓடி முடிக்கட்டும், எடையை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், பிறகு இரும்பை வெட்டலாம்.

பையன் பாதியிலேயே அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டான். மச்சான் தை பிறந்ததும் படகைத் தண்ணியில் இறக்குவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். எந்த எஞ்சின் என்று இன்னும் முடிவாகவில்லை.